கோவிட் வார்டில் உங்கள் ஆள் இருந்தால் யூரின் பையையும் பாருங்கள்

கோவிட் என்று வீட்டில் ஒருவரை அட்மிட் செய்தால் சொந்தபந்தம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான், சாச்சுரேஷன் எவ்வளவு? 95 என்றால் நிம்மதி, 88 என்றால் வீடே அழ ஆரம்பித்துவிடும். யூரின் எவ்வளவு போனது என்று கேட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கிட்னி என்ற பேச்சே பல குடும்பங்களின் காதில் முதலில் விழுவது, "டயாலிசிஸ் பண்ணணும், இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று யாராவது பேப்பரை நீட்டும்போதுதான்.

நான் டாக்டர் இல்லை, டயாலிசிஸ் டெக்னீஷியன். 2020லும் 2021லும் பிபிஇ உடைக்குள் வேர்த்துக் கொட்ட, மெஷினையும் கூடவே அதற்குத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் சின்ன ஆர்ஓ பிளான்ட்டையும் தள்ளிக்கொண்டு கோவிட் ஐசியுவுக்குள் போய் வந்தவன். எந்த மருந்து எவ்வளவு என்பதெல்லாம் டாக்டர் வேலை, அதில் நான் தலையிடப் போவதில்லை. ஆனால் கூட இருக்கிற ஆள், அல்லது வெளியே நின்று போனில் கேட்கிற ஆள், கிட்னி விஷயத்தில் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கோவிட் இப்போது அந்த வேகத்தில் இல்லை என்றாலும் வயதானவர்கள், சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள் இன்னும் அட்மிட் ஆகத்தான் செய்கிறார்கள். நிமோனியாவுக்கும் டெங்குவுக்கும்கூட இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

எவ்வளவு பேருக்கு இப்படி ஆகிறது என்றால், 2020 மார்ச்சிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் நியூயார்க்கில் நார்த்வெல் மருத்துவமனைகளில் கோவிட்டோடு சேர்ந்த 5,449 பேரின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். அதில் 36.6 சதவீதம் பேருக்குக் கிட்னி திடீரென்று பாதித்திருந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களை மட்டும் எடுத்தால் கிட்டத்தட்ட 90 சதவீதம், வென்டிலேட்டர் தேவைப்படாதவர்களில் சுமார் 22 சதவீதம். தடுப்பூசி வராத காலத்தின் கணக்கு அது, இன்றைக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மூச்சு மோசமாகிற அதே நேரத்தில்தான் கிட்னியும் சறுக்குகிறது என்பது மட்டும் மாறவில்லை. ஆக்சிஜன் தேவை கூடுகிறது என்று சொல்லும் அன்றைக்கே யூரினைப் பற்றியும் கேட்டுவிடுங்கள்.

முதல் வேலை, பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுப்பது. இது ரொம்பச் சாதாரணமாகத் தெரியும், ஆனால் நான் சொல்லப்போவதிலேயே பெரிய விஷயம் இதுதான். போன வருட மாஸ்டர் செக்கப், சர்க்கரை டாக்டரின் நோட்டு, லேப்பிலிருந்து போனுக்கு வந்த பிடிஎஃப், எதிலாவது கிரியேட்டினின் என்ற வரி இருக்கும். கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு அது, கிட்னி தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும். அதைத் தேதியோடு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்றால், கிட்னி அடிபட்டதா என்பதை அந்த ஆளின் பழைய எண்ணோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். 48 மணி நேரத்துக்குள் 0.3 கூடினாலோ, ஒரு வாரத்துக்குள் பழைய அளவைவிட ஒன்றரை மடங்கு ஆனாலோ, அல்லது ஆறு மணி நேரத்துக்கு யூரின் குறைந்தாலோ கிட்னியில் பாதிப்பு என்று கணக்கு. உலகம் முழுக்க டாக்டர்கள் வைத்திருக்கும் கேடிகோ அளவுகோல் இது.

இதில் லேப் ரிப்போர்ட் ஒரு வேலை செய்யும். என் மாமாவின் கதையையே சொல்கிறேன். 2021 மே, இரண்டாவது அலை, வேறு ஊரில் ஒரு மருத்துவமனை. மூன்றாவது நாள் மாமா பையன் எனக்கு எல்லா ரிப்போர்ட்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "எல்லாம் நார்மல்தான் அண்ணே, சிஆர்பி மட்டும்தான் கூட" என்றான். சிஆர்பி என்பது உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் டெஸ்ட். பார்த்தேன். கிரியேட்டினின் 1.2. பக்கத்தில் 0.7 முதல் 1.3 வரை என்று அச்சடித்திருந்தது, அதனால் தடித்த கறுப்பு எழுத்தும் இல்லை, அம்புக்குறியும் இல்லை. முந்தாநாள் ரிப்போர்ட்டில் 0.9. சர்க்கரை நோட்டைத் தேடச் சொன்னேன், ஜனவரியில் 0.8. ஆக 0.8லிருந்து ஒன்றரை மடங்கு, இரண்டு நாளில் 0.3 ஏற்றம், இரண்டு கணக்கிலும் விழுந்தாச்சு. பேப்பர் நார்மல் என்கிறது, கிட்னி ஏற்கெனவே தடுமாறிவிட்டது. இன்னொன்று, கிரியேட்டினின் ஒன்றிரண்டு நாள் தாமதமாகத்தான் ஏறும். இன்றைக்குப் பேப்பரில் 1.2 என்றால் கிட்னி அடி வாங்கியது நேற்றோ முந்தாநாளோ. அதனால் தினமும் வரும் எண்ணை ஒரு தாளில் தேதி போட்டு வரிசையாக எழுதுங்கள், ஒரு எண்ணை மட்டும் பார்த்து எதையும் முடிவு கட்டாதீர்கள். ஈஜிஎஃப்ஆர் என்று பக்கத்தில் வரும் எண்ணையும் (கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று கிரியேட்டினினை வைத்துப் போடும் கணக்கு) இந்த நேரத்தில் நம்ப வேண்டாம், கிரியேட்டினின் ஆடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கணக்கு சரியாக வராது.

இடையில் ஒரு விஷயம். டாக்டர்கள் பலர் "உப்பு ஏறியிருக்கு" என்பார்கள். யூரியா, கிரியேட்டினினைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். சாப்பாட்டு உப்பு என்று நினைத்துக்கொண்டு கஞ்சியில் உப்பே போடாமல் கொடுத்து, ஏற்கெனவே வாய் கசந்து கிடக்கும் ஆளைப் பட்டினி போட்ட வீடுகள் உண்டு. உணவில் உப்பைக் குறைக்கணுமா என்று தனியாகக் கேளுங்கள், அது வேறு கேள்வி.

இரண்டாவது வேலை யூரின் அளவு. கணக்கு சுலபம். எடை 60 கிலோ என்றால் மணிக்குக் குறைந்தது 30 மி.லி. போகணும், அதாவது கிலோவுக்கு அரை மி.லி. ஆறு மணி நேரத்தில் 180க்குக் கீழே என்றால் சிஸ்டரிடம் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது. கேத்தீட்டர், அதாவது யூரின் டியூப், போட்டிருந்தால் பையிலேயே கோடு இருக்கும். ஆனால் அந்தப் பையைக் காலையில் ஆறு மணிக்கு யாராவது வந்து திறந்து கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள், எவ்வளவு இருந்தது என்று எழுதினார்களா என்பது அன்றைக்கு ட்யூட்டியில் இருப்பவரைப் பொறுத்தது. உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று எழுதும் மாமாவின் இன்டேக்-அவுட்புட் சார்ட்டில் இரண்டு நாளைக்கு அவுட்புட் கட்டம் காலி. ஒரு சிஸ்டருக்கு இருபது பேஷண்ட் என்றிருந்த நேரம், யாரையும் குறை சொல்ல மனசு வரவில்லை. கொட்டுவதற்கு முன் நீங்கள் ஒரு போட்டோ எடுத்தால் போதும், நேரமும் அதிலேயே பதிந்துவிடும்.

கேத்தீட்டர் இல்லாதவருக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல்பாகத்தை வெட்டி, 100 மி.லி.க்கு ஒரு கோடு மார்க்கரால் போட்டு, அதில் பிடித்து அளக்கலாம். டயப்பர் என்றால் காய்கறி நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று, கையுறை போட்டுக்கொண்டு, கவரில் கட்டி எடை போடுங்கள். காய்ந்த டயப்பரின் எடையைக் கழித்தால் மீதி ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மி.லி. அசிங்கமாக நினைக்க வேண்டாம். "யூரின் ஏதோ போகுது டாக்டர்" என்பதற்கும் "நேற்றுக் காலையிலிருந்து மொத்தம் 350 மி.லி." என்பதற்கும் ரவுண்ட்ஸில் கிடைக்கிற மரியாதையே வேறு.

திடீரென்று யூரின் சுத்தமாக நின்றால் பதறுவதற்கு முன் டியூபைப் பாருங்கள். பேஷண்ட் அதன்மேல் படுத்திருப்பார், அல்லது மடங்கியிருக்கும், அல்லது பையைக் கட்டில் மேலேயே வைத்திருப்பார்கள். பை எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழே தொங்கணும், தரையைத் தொடக்கூடாது. டியூபை நீங்களாகக் கழற்றவோ இழுக்கவோ வேண்டாம், அடைப்பு இருக்கா பாருங்கள் என்று சிஸ்டரைக் கேளுங்கள். நிறத்தையும் கவனியுங்கள். அடர் மஞ்சள் என்றால் பெரும்பாலும் தண்ணீர் போதவில்லை. கட்டங்காப்பி மாதிரி இருந்தால் அப்போதே காட்டுங்கள், தசை சிதைந்து அதன் கழிவு கிட்னியில் போய் அடைக்கிற நிலை கோவிட்டில் வருவதுண்டு.

மூன்றாவது, மாத்திரைப் பை. அட்மிட் ஆவதற்கு முந்தின ஒரு வாரத்தில் என்னென்ன விழுங்கினார் என்பதை மறைக்காமல், மெடிக்கல் ஷாப்பில் நீங்களே கேட்டு வாங்கியது உள்பட, அட்டையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். உடம்பு வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், மெஃபெனமிக் ஆசிட் எல்லாமே கிட்னிக்குள் போகும் ரத்தத்தைக் குறைக்கும். காய்ச்சலிலும் பேதியிலும் தண்ணீர் வற்றிப்போன உடம்பில் அது இரட்டை அடி. இதில் ஒரு பொறி இருக்கிறது. அசெக்ளோஃபெனாக்கும் பாரசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை கடையில் சர்வ சாதாரணமாகக் கிடைக்கும், அட்டையில் பாரசிட்டமால் என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு "வெறும் காய்ச்சல் மாத்திரைதான்" என்று சொல்லிவிடுவார்கள். மாமாவும் ஐந்து நாள், நாளுக்கு இரண்டு என்று அதைத்தான் போட்டிருந்தார். கேஸ் ஷீட்டில் அது இல்லவே இல்லை, யாரும் சொல்லாததால். தனி பாரசிட்டமால் சரியான அளவில் என்றால் கிட்னிக்கு அந்தப் பயம் இல்லை.

வழக்கமாகப் போடும் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் இன்னொரு தலைவலி. டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், எனலாப்ரில் போன்ற பிரஷர் மாத்திரைகளைக் கோவிட் வந்தால் நிறுத்தணும் என்று 2020ல் ஒரு வதந்தி சுற்றியது, வெறும் கோவிட்டுக்காக அதையெல்லாம் நிறுத்தத் தேவையில்லை என்று அப்புறம் தெளிவாகிவிட்டது. ஆனால் கிட்னி அடிபட்டு, பிரஷரும் இறங்கியிருக்கும்போது இவற்றையும், மெட்ஃபார்மின், டாபாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளையும் டாக்டர்கள் தற்காலிகமாக நிறுத்திவைப்பதுண்டு. அந்த நேரத்தில் "தினமும் போடுற மாத்திரை ஆச்சே" என்று வீட்டிலிருந்து கொண்டுவந்து தலையணைக்கு அடியில் வைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். நாட்டு மருந்து, லேகியம், பஸ்பம் எது கொடுத்தாலும் சொல்லிவிடுங்கள், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

ஆஸ்பத்திரியில் போடும் மருந்துகளிலும் கிட்னியைப் பார்த்துப் போட வேண்டியவை உண்டு. அமிக்காசின், வான்கோமைசின், கொலிஸ்டின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகள், 2021ல் கறுப்புப் பூஞ்சைக்காக ஓடி ஓடித் தேடிய ஆம்ஃபோடெரிசின், நாளத்தில் சாயம் ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேன். சாதாரண நெஞ்சு சிடிக்குச் சாயம் கிடையாது, அதற்குப் பயப்பட வேண்டாம். தொப்புளைச் சுற்றிப் போடுகிறார்களே, ரத்தம் உறையாமலிருக்க ஒரு ஊசி, கிட்னி ரொம்பக் குறைந்தால் அதன் டோஸையும் குறைக்கணும். இதையெல்லாம் போடாதீர்கள் என்று சண்டை போடச் சொல்லவில்லை. உயிரைக் காப்பாற்ற அவை தேவைப்படும், அந்த முடிவு அவர்களுடையது. "கிரியேட்டினின் ஏறியிருக்கு, அதைப் பார்த்து டோஸ் மாத்தணுமா மேடம்?" என்று ஒரு வாக்கியம் கேட்டால் போதும், நல்ல டாக்டர் யாரும் கோபப்பட மாட்டார்.

சரி, தண்ணீர். இதில்தான் நம் ஆட்கள் இரண்டு பக்கமும் தப்புச் செய்வார்கள். காய்ச்சல், பேதி, வாய் கசப்பு, வேகவேகமாக மூச்சு விடுவது, எல்லாவற்றிலும் நீர் வெளியேறி முதல் மூன்று நாளில் பலர் காய்ந்துபோய்த்தான் வருகிறார்கள், அப்போது ட்ரிப்ஸ் ஏற்றினாலே கிட்னி திரும்புவதும் உண்டு. ஆனால் அதே ட்ரிப்ஸை யூரின் வராதவருக்கு ஏற்றிக்கொண்டே போனால் அந்தத் தண்ணீர் நேராக நுரையீரலில் போய் நிற்கும், கோவிட்டில் ஏற்கெனவே நைந்துகிடக்கும் நுரையீரல். "ஒரு பாட்டில் ட்ரிப்ஸ் போடுங்க, தெம்பா இருக்கும்" என்று கேட்காதீர்கள். ஒரு நாளைக்கு வாய் வழியாக எவ்வளவு கொடுக்கலாம் என்று அளவைக் கேட்டு வாங்கி, தண்ணீர், டீ, கஞ்சி, ரசம் எல்லாவற்றையும் அதற்குள் அடக்குங்கள். கால் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு முட்டி உட்கார்ந்தால் குறைந்தாலோ உடனே சொல்லுங்கள்.

இளநீர் பற்றித் தனியாகச் சொல்லியே ஆகணும். நோயாளியைப் பார்க்கப் போகும் எல்லோர் கையிலும் ஒரு இளநீர், ஒரு சாத்துக்குடி ஜூஸ், ஒரு சீப்பு வாழைப்பழம். கிட்னி சரியாக இருப்பவருக்கு அமிர்தம். யூரின் குறைந்து பொட்டாசியம் ஏறியவருக்கு அதுவே ஆபத்து, ஏனென்றால் மூன்றிலும் பொட்டாசியம் நிறைய இருக்கிறது, வெளியேற வழியில்லை. ரத்தத்தில் அது 3.5 முதல் 5 வரை இருக்கணும், 6ஐத் தாண்டினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். எண் என்ன என்று தெரியாமல் இளநீர் கொடுக்காதீர்கள், கொண்டுவந்த சித்தி கோபித்துக்கொண்டாலும் சரி.

உள்ளே விடாத வார்டாக இருந்தால், நாளுக்கு ஒரு தடவை வரும் அந்தப் போன் காலில் மூன்று எண்களைக் கேளுங்கள். நேற்றைய, இன்றைய கிரியேட்டினின். கடந்த 24 மணி நேரத்தில் போன யூரின். பொட்டாசியம். எழுதிக்கொள்ளுங்கள். கிரியேட்டினின் இரண்டு மடங்கைத் தொட்டாலோ யூரின் குறைந்துகொண்டே வந்தாலோ "நெஃப்ரோ டாக்டர் பார்த்தாச்சா சார்?" என்று கேளுங்கள், அந்தக் கிட்னி டாக்டர் இல்லாத மருத்துவமனை என்றால் எங்கே அனுப்புவீர்கள், அங்கே கோவிட் பேஷண்டுக்கு டயாலிசிஸ் மெஷின் ஒதுக்கியிருக்கிறார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸில் வைத்துக்கொண்டு தேட முடியாது, அப்படி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

டயாலிசிஸ் என்று சொல்லிவிட்டால் முதலில் வரும் பயம், "ஒருமுறை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் பண்ணணுமாமே?" இல்லை. இங்கே டயாலிசிஸ் ஒரு தற்காலிகத் தாங்கல், கிட்னி எழுந்து நிற்கும்வரை. எழுந்தவர்களும் உண்டு, எழாமல் தொடர்ந்து டயாலிசிஸுக்கே வருகிறவர்களும் உண்டு, பொய் சொல்லக்கூடாது. ஏற்கெனவே கிட்னி பலவீனமாக இருந்தவர்களுக்கு வாய்ப்புக் குறைவு. பொட்டாசியம் மருந்துக்கு இறங்காதபோது, ரத்தத்தில் அமிலம் கூடும்போது, நுரையீரலில் தண்ணீர் தேங்கும்போது, யூரியா ஏறி ஆள் மயக்கமாக, விக்கலும் வாந்தியுமாக இருக்கும்போது டாக்டர்கள் இதற்குப் போவார்கள். இந்தக் கட்டத்தில் நாலு சொந்தக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒரு நாளைத் தள்ளிப்போடுவதுதான் நான் பார்த்ததில் பெரிய தப்பு.

கழுத்திலோ தொடை இடுக்கிலோ ஒரு லைன் போடுவார்கள், அதன் வழியாகத்தான் ரத்தம் மெஷினுக்கு வந்து போகும். முதல் தடவை பெரும்பாலும் இரண்டு மணி நேரம்தான், யூரியா சட்டென்று இறங்கினால் மூளைக்கு ஆகாது. பிரஷர் நிற்காதவர்களுக்கு எட்டு, பத்து மணி நேரம் மெதுவாக ஓட்டுவோம், ஸ்லெட் என்று பெயர். கோவிட் ரத்தம் சீக்கிரம் உறையும். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபில்டர் கறுத்து, மெஷின் அலாரம் அடித்து, சர்க்யூட்டையே மாற்றிய இரவுகள் எங்களுக்கு நிறைய. அதனால் "பாதியில நிறுத்திட்டாங்க" என்று யாராவது சொன்னால் உடனே சந்தேகப்படாதீர்கள், காரணம் கேளுங்கள். செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா என்று கவுன்ட்டரில் முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

கிட்னி திரும்பும்போது யூரின்தான் முதலில் சொல்லும். 200 போனவர் 600 போவார், பிறகு சிலருக்கு ஒரே நாளில் மூன்று லிட்டர்கூடப் போகும். எல்லோரும் கொண்டாடுவார்கள், ஆனால் அந்த நேரத்தில் பொட்டாசியமும் நீரும் சேர்ந்து இறங்கிவிடும், அளப்பதை அப்போது நிறுத்தாதீர்கள்.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு பில் கட்டும் அவசரத்தில் சம்மரியைப் படிக்காமல் வராதீர்கள். அட்மிஷனில் கிரியேட்டினின் எவ்வளவு, உச்சம் எவ்வளவு, கிளம்பும்போது எவ்வளவு, டயாலிசிஸ் எத்தனை என்று அதில் இருக்கணும், இல்லையென்றால் எழுதி வாங்குங்கள். டயாலிசிஸ் லைன் இன்னும் கழுத்தில் இருந்தால் எப்போது எடுப்பது என்று தேதி கேளுங்கள். நிறுத்திவைத்த பிரஷர் மாத்திரையை எப்போது திரும்ப ஆரம்பிப்பது, யார் சொல்வார்கள் என்பதையும். ஒன்றிரண்டு வாரத்தில் கிரியேட்டினினும் பொட்டாசியமும், மூன்றாம் மாதம் கிரியேட்டினினோடு யூரினில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்றும் பார்க்கணும். நியூயார்க்கின் மவுன்ட் சினாய் மருத்துவமனைகளில் கிட்னி பாதித்துப் பிழைத்து வீடு திரும்பியவர்களில் 35 சதவீதம் பேருக்குக் கிளம்பும்போது பழைய அளவு திரும்பியிருக்கவில்லை. இன்னொரு ஏமாற்று வேலையும் உண்டு. மாதக்கணக்கில் படுத்துத் தசை கரைந்தவருக்குக் கிரியேட்டினின் குறைவாகவே காட்டும், ஏனென்றால் அது தசையிலிருந்து வருவது. எலும்பும் தோலுமாக வந்தவரின் 0.9ஐப் பார்த்து அவசரப்பட்டு சந்தோஷப்பட வேண்டாம், அதனால்தான் ஆல்புமினும் சேர்த்துப் பார்ப்பது.

மாமா விஷயத்தில், மாமா பையன் அந்த மாத்திரை அட்டையையும் சர்க்கரை நோட்டையும் எடுத்துக்கொண்டு போய் ட்யூட்டி டாக்டரிடம் காட்டினான். அவர் பார்த்த வேகத்தில் ஒரு ஆன்டிபயாட்டிக்கை மாற்றினார், மணிக்கணக்கில் யூரின் எழுதச் சொன்னார். 2.3 வரை ஏறி அங்கே நின்று, டயாலிசிஸ் இல்லாமலே இறங்கியது. மூன்றாம் மாதம் 1.0, ஆல்புமின் இல்லை. மூட்டுவலிக்கு இப்போதும் அதே மாத்திரையைத்தான் கடைக்காரர் எடுத்து நீட்டுகிறாராம். அத்தை அந்தக் காலி அட்டையை பர்ஸிலேயே வைத்திருக்கிறார், "இது மட்டும் வேண்டாம்" என்று காட்டுவதற்கு.